பன்னீர் ரோஜாவும் என் கைராசியும்

அந்த இலையைக் கிள்ளி வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், அந்தப் பக்கம் இருக்கிற என் விரல் இந்தப் பக்கம் தெரிந்தது. பன்னீர் ரோஜா இலை அப்படி இருக்கலாமா? தொட்டால் சற்றே சொரசொரவென்று விரலுக்கு ஒரு பிடிமானம் கொடுக்க வேண்டாமா? இது வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. தண்டும் அந்த லட்சணம்தான். வெளுத்து, நெடுநெடுவென்று வளர்ந்து, ஓர் இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் ஊர்ப்பட்ட இடைவெளி விட்டு நின்றது. நுனி மட்டும் யாரோ தலையில் தட்டி உட்காரச் சொன்னதுபோல வளைந்திருந்தது.

செடி நோஞ்சானாகப் போனதில் எனக்கு வருத்தம்தான். ஆனால் என் வயிற்றெரிச்சலுக்குக் காரணம் செடி அல்ல. அந்தச் செடியைக் காட்டி என் கையைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சு.

மோட்டார் வண்டி ஒன்று தெருவில் போனால் பெரியவர்களும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்த காலம் அது. நான் பாளையங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே ஒரு மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்புகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீஸில் வேலை. மாமனார் கோர்ட் குமாஸ்தா, கோயில் கமிட்டியிலும் இருந்தார்கள். நாங்கள் மாதா கோயில், சர்ச் என்றெல்லாம் சொல்வதில்லை. எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை போகிற இடம் கோயில்தான்.

மாமாவின் வாயில் ‘அஞ்ஞானம்’ என்று ஒரு சொல் தயாராக இருக்கும். சகுனம் பார்ப்பது அஞ்ஞானம். ராகுகாலம் பார்ப்பது அஞ்ஞானம். பிள்ளையின் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்தால் அது பெரிய அஞ்ஞானம். கண்ணேறு என்று யாராவது வாயெடுத்தால் போதும், சாப்பிட்ட கை காய்கிறது வரை எங்களுக்குப் பிரசங்கம் நடக்கும். எங்கள் வாசலில் படிகாரமோ திருஷ்டிப் பூசணியோ தொங்கியதில்லை. ஆனால் கைராசிக்கும் சேனைக்கும் மட்டும் எப்படியோ அந்த வீட்டில் ஞானஸ்நானம் ஆகியிருந்தது. அவற்றை மாமா ஒருநாளும் அஞ்ஞானத்தில் சேர்த்ததில்லை.

சேனை என்றால் தெரியாதவர்கள் இருப்பார்கள், சொல்லிவிடுகிறேன். பிறந்த பிள்ளையின் நாக்கில் முதல்முதலாக ஒருவர் தம் விரலால் சீனித்தண்ணீர் தொட்டு வைப்பார். அதுதான் சேனை. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்பது எங்கள் பக்கத்தில் சாதி, சமயம் பாராமல் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. அதனால் யார் வைப்பது என்று வீட்டில் மாசக்கணக்கில் பேச்சு நடக்கும்.

கைராசியில் என் மாமியாரை மிஞ்ச ஆள் கிடையாது. அத்தை புறவாசலில் துப்பிய பூசணி விதைகூட முளைத்துக் கொடியாகி ஓட்டின்மேல் ஏறிவிடும். நானோ கல்யாணமாகிச் சில வருஷம் கழிந்தும் பிள்ளை உண்டாகாதவள். அதை நேராக என்னிடம் யாரும் சொல்ல மாட்டார்கள். நான் உறை ஊற்றிய தயிர் ஒருநாள் உறையாமல் போனால், “அவ கை அப்பிடி” என்பார்கள். நான் போட்ட கீரை விதை முளைக்காவிட்டால், “கையில ராசி வேணும்லா” என்பார்கள். கீரைக்கும் தயிருக்கும் சொல்லுகிற சாக்கில் எதைச் சொல்லுகிறார்கள் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்குத் தச்சநல்லூரில் என் தாய்வீட்டுக்குப் போயிருந்தேன். திரும்பும்போது அங்கே வேர்பிடித்து நின்ற பன்னீர் ரோஜாப் பதியன் ஒன்றை மண்தொட்டியோடு வில்வண்டியில் ஏற்றி, ஆற்றுப் பாலம் தாண்டி வீடு சேருகிறவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். முற்றத்தில் நல்ல வெயில் விழுகிற இடமாகப் பார்த்து வைத்தேன். தையும் மாசியும் அது தழைத்த தழைப்பைப் பார்க்க வேண்டுமே! எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகு என்ன ஆயிற்றோ, ஒவ்வோர் இலையாகப் பழுத்து விழுந்தது. புதிதாக வந்ததெல்லாம் மெலிந்து வந்தது.

“செடிய நட்ட கை அப்பிடி” என்று அத்தை அடுக்களையில் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது.

ஆனி மாசத்தில் என் நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். எனக்கும் அவளுக்கும் வந்த நாள் முதலே ஒட்டுதல் உண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லோர் முன்னாலும் போட்டு உடைத்தாள்.

“எம்மா, நான் இப்பவே சொல்லிட்டேன். எம் பிள்ளைக்கு மைனிதான் சேனை வைக்கணும்.”

மைனி என்றால் அண்ணி, அதாவது நான். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. அத்தை மோரை ஊற்றிக்கொண்டே சொன்னார்கள்: “எதுக்குட்டி? உபதேசியார் வீட்டம்மா இருக்காவ. நாலு பிள்ளை பெத்தவ, வாயில எப்பவும் வசனம். அவுக வைக்கட்டும்.” உபதேசியார் என்பவர் எங்கள் கோயிலில் வேதம் சொல்லி ஜெபம் நடத்துகிறவர்.

“மைனிக்கு என்ன குறை?”

அத்தை முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினார்கள். “அந்தா நிக்குது பாரு. ஒரு ரோசாச் செடி வெளங்காத கைய எம் பேரப்பிள்ள வாயில வைக்கச் சொல்லுதியா?”

மாமா அங்கேதான் இருந்தார்கள். ‘அஞ்ஞானம்’ என்று இப்போதாவது சொல்வார்கள் என்று அவர்கள் முகத்தையே பார்த்தேன். ஊறுகாயை நக்கிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அன்று எனக்கு வந்த கோபத்தை இவ்வளவு என்று சொல்ல முடியாது. எனக்குப் பிள்ளையில்லை என்று அத்தை சொல்லவில்லை, ஆனால் அது ஒன்றுதான் எனக்குக் கேட்டது. எனக்கு அந்தச் சேனையை வைக்க வேண்டும். பெற்றுக்கொள்ளக் கொடுத்துவைக்காவிட்டாலும் ஒரு பிள்ளையின் நாக்கில் முதலில் பட்ட விரல் என்னுடையது என்று இருக்க வேண்டும். அதற்கு அந்தச் செடி பிழைத்தாக வேண்டும்.

முதலில் தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். எங்கள் வீட்டுக் கிணறு சற்று உப்புக் கரிக்கும். குடிப்பதற்கு ஆற்றுத் தண்ணீர் வண்டியில் வரும். அதில் என் பங்கைக் குறைத்துக்கொண்டு செடிக்கு ஊற்றினேன். இலை அப்படியேதான் வந்தது. அடுத்து எரு. ஆட்டாம்புழுக்கையைப் பொடித்துப் போட்டேன். தண்டு இன்னும் கொஞ்சம் நெட்டையாகிற்று, தடிக்கவில்லை. வேர்ப்புழுவாக இருக்குமோ என்று மண்ணோடு கவிழ்த்துப் பார்த்தேன். புழு, பூச்சி ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும் உறுத்தியது. முற்றத்து வெயிலில் காலையில் விரித்த துணி மத்தியானத்துக்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். ஆனால் நான் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தொட்டி மண் காலையில் விட்ட ஈரம் மாறாமல் இருந்தது.

“தண்ணிய ஊத்தி ஊத்தியே கொல்லுதா” என்றார்கள் அத்தை. தண்ணீரைக் குறைத்தேன். அதற்கும் செடி மசியவில்லை.

விடை பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. அங்கே ஒரு கொட்டகை போடுவதற்காகப் பலகைகளைக் கொண்டுவந்து புல்தரையில் போட்டிருந்தார்கள். ஆடிக்காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்த நாள் அது. தச்சர்கள் பலகைகளைத் தூக்கினார்கள். அடியில் இருந்த புல்லைப் பார்த்துப் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

“டீச்சர், இங்கன வாங்க! புல்லுக்கு மஞ்சக்காமாலை!”

போய்ப் பார்த்தேன். பலகைக்கு வெளியே இருந்த புல் குட்டையாக, தடித்து, கரும்பச்சையாக இருந்தது. அடியில் இருந்தது வெளுத்து, மெலிந்து, நீளநீளமாக நெளிந்து கிடந்தது. குனிந்து ஒன்றைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்தேன். என் விரல் தெரிந்தது. என் ரோஜாவுக்கு இருப்பது இதே சீக்கு. அது வெயிலைப் பார்க்கவில்லை.

ஆனால் அது எப்படி? தொட்டி இருப்பது நடுமுற்றம். பாளையங்கோட்டை வெயிலுக்கு அந்த முற்றம்தான் தலைமை இடம். காலையில் நான் போகும்போதும் அங்கேதான் நிற்கிறது, சாயங்காலம் வரும்போதும் அங்கேதான் நிற்கிறது.

அன்று சாயங்காலம் வந்ததும் புத்தகப் பையைக்கூடக் கீழே வைக்காமல் தொட்டியின் முன் உட்கார்ந்து, செடியை அடியிலிருந்து நுனிவரை பார்த்துக்கொண்டு போனேன். அடியில் இருந்தவை தச்சநல்லூரிலிருந்து வந்த நாளிலும் தை, மாசியிலும் வந்த இலைகள். அவை தடிப்பு. அதற்கு மேலே கொஞ்ச தூரம் சருகு மாதிரி மெலிந்தவை. அதற்கும் மேலே, நடுத்தண்டில், நான் இதுவரை கவனிக்காத ஒன்று இருந்தது. சில இலைகள் மட்டும் நெருக்கமாக, தடிப்பாக, நல்ல பச்சையாக நின்றன. அவற்றைத் தாண்டி நுனிவரை மறுபடியும் மெலிவுதான்.

அந்த நடு இலைகள் எப்போது வந்தவை என்று எனக்கு ஞாபகம் இருந்தது. கோடை விடுமுறையில் முற்றத்தில் கூழ்வடகம் காயப்போட்டுக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தபோது, செக்கச்செவேலென்று துளிர் விட்டதைப் பார்த்தேன். அப்போது என்ன நடந்தது? மழை பெய்யவில்லை. எரு போடவில்லை. நான் பகல் முழுவதும் வீட்டில் இருந்தேன், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் திறந்து நான் பகலில் வெளியே போக ஆரம்பித்ததும் செடி மெலிந்துவிட்டது. என் கை வீட்டில் இருந்தபோது தழைத்த செடிக்கு என் கையா எமன்? எனக்கு எழுந்து கும்மி அடிக்கலாம் போல இருந்தது. நான் இல்லாத பகலில் அந்தச் செடிக்கு யாரோ என்னமோ செய்கிறார்கள்.

எழுந்தபோது கால் பெருவிரல் ஒரு கல்லில் இடித்தது. உருண்டையான, கனத்த கல். ஆடி பிறந்ததிலிருந்து தினமும் சாயங்காலம் தொட்டிக்குப் பக்கத்தில் அது கிடக்கும், நானும் தினமும் இடித்துக்கொண்டு திட்டிவிட்டுப் போவேன். அன்றைக்குத் திட்டவில்லை. குனிந்து பார்த்தேன். தொட்டியைச் சுற்றிப் புழுதியில் வட்டமாக ஒரு தடம் இருந்தது. ரோஜா முள்ளில் பனையோலைச் சிலாம்பு ஒன்று சிக்கியிருந்தது.

வாயைத் திறக்கவில்லை. மறுநாள் மத்தியான மணி அடித்ததும், கட்டிக்கொண்டு போன சோற்றைப் பிரிக்காமல் வீட்டுக்கு நடந்தேன். தெருவாசல் வழியாக வராமல் புறவாசல் வழியாக நுழைந்தேன். முற்றத்தில் என் ரோஜாவைக் காணோம். அது நின்ற இடத்தில் நெல் அள்ளுகிற பெரிய ஓலைப்பெட்டி கவிழ்ந்திருந்தது. காற்றில் பறக்காமலிருக்க அதன்மேல் அந்தக் கல் உட்கார்ந்திருந்தது.

அத்தை நடைவாசலில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கீரை கையிலிருந்து நழுவிற்று.

“ஏட்டி, இந்நேரத்துல என்னத்துக்கு வந்தே? மேலுக்கு முடியலையா?”

“எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. செடிக்குத்தான் மேலுக்கு முடியல. பாத்துட்டுப் போவோம்னு வந்தேன்.”

கல்லை எடுத்துக் கீழே வைத்தேன். பெட்டியைத் தூக்கினேன். உள்ளே என் ரோஜா, பெட்டியின் அடியில் தலை தட்டி, நுனி வளைந்து நின்றது.

“அது… கோழி வந்து கெளறுதுன்னு மூடி வச்சேன்” என்றார்கள் அத்தை.

நான் முற்றத்தின் ஓரத்தைப் பார்த்தேன். எங்கள் கோழிகளெல்லாம் பஞ்சாரத்துக்குள், மூங்கில் பிளாச்சில் இடைவெளி விட்டுப் பின்னிய அந்தக் கூட்டுக்குள், சமர்த்தாகப் படுத்திருந்தன. அத்தையும் அதைப் பார்த்தார்கள். பிறகு தெருவாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

“சவம், சொல்லித் தொலைக்கேன். உபதேசியார் வீட்டம்மா மாசியில ஜெபக்கூட்டத்துக்கு வந்தாள்லா, இங்கன நின்னு, ‘எம்மாடி, என்ன மினுமினுப்பு! எங்க வீட்டுல இப்பிடி ஒண்ணு நிக்க மாட்டேங்குதே’ன்னு பெருமூச்சு விட்டா. மறுநாளே ரெண்டு இலை பழுத்து விழுந்துட்டு. நான் என்ன செய்வேன்? இந்த வீட்டுல ஒரு படிகாரம் கட்ட முடியுமா? உங்க மாமா விடுவாகளா? அதான் நீ அங்கிட்டுப் போனதும் மூடுதேன். நீ வாரதுக்கு முன்னால எடுத்துருதேன். நீ பாத்தா சிரிப்பே, அவுககிட்டச் சொல்லிருவே.”

எனக்கு ஒரே சமயத்தில் இரண்டு மனசு ஆகிவிட்டது. என் செடி கண் படுகிற அளவுக்கு அழகு என்று அத்தைக்குத் தோன்றியிருக்கிறது! அதைக் காப்பாற்ற பள்ளிக்கூட நாளெல்லாம் பெட்டியையும் கல்லையும் தூக்கிச் சுமந்திருக்கிறார்கள். நினைத்தால் சிரிப்பு வந்தது. ஆனால் கோபமும் விட்டபாடில்லை.

“ஒங்க பெட்டி செஞ்ச வேலைக்கு என் கை பழி சொமக்கணுமா அத்தை? சாப்பாட்டுல வச்சு எல்லார் முன்னாலயும் சொன்னீகளே!”

“பெட்டி என்னட்டி செஞ்சுது? இந்த வெயில்ல மனுசனே கருகுதான். நெழல் நல்லதுதானே?”

பேசிப் பிரயோசனமில்லை என்று தொழுவத்துப் பக்கம் அழைத்துக்கொண்டு போனேன். அங்கே ரொம்ப நாளாகக் கிடந்த ஒரு பழைய கதவைப் புரட்டினேன். அடியில் இருந்த புல்லைப் பிடுங்கி ஒரு கையிலும், ரோஜா இலையை மறு கையிலும் வைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினேன். பிறகு முற்றத்துக்குக் கூட்டி வந்து நடுத்தண்டின் தடித்த இலைகளைக் காட்டி, “இது நான் லீவுல வீட்டுல இருந்தப்போ வந்தது. அப்ப நீங்க பெட்டிய கவுக்கல” என்றேன். அத்தை இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தார்கள். அவர்கள் விரலுக்கு இலை தெரியும், அதை நான் மறுக்க மாட்டேன். முகம் மாறியது. ஆனால் வாய் மாறவில்லை.

“எல்லாம் சரி. தழைக்கட்டும், பாப்போம்.”

உள்ளே கட்டிலில் படுத்திருந்த நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முற்றத்துப் பெட்டி சும்மா காயப்போட்டது என்று அதுவரை நினைத்திருந்தாளாம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி வாசல்படியில் வந்து நின்றாள்.

“எம்மா, இதுக்கு நாந்தான் தீர்ப்பு. பெட்டி இல்லாம செடி தழைச்சா மைனிதான் சேனை. தழைக்கலேன்னா ஒன் இஷ்டம். மைனி, நீங்க அப்பாகிட்ட மூச்சு விடக் கூடாது.”

அத்தைக்கு வேறு வழி இல்லை. நானும் ஒப்புக்கொண்டேன். சோறு தின்னாத வயிற்றோடு பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி நடந்தபோது, பாண்டிய நாட்டை ஜெயித்துவிட்டு வருகிற மாதிரி நடந்தேன்.

அந்த மிதப்பு அதிக நாள் நிற்கவில்லை. பெட்டியை எடுத்த அந்த வாரத்திலேயே மெல்லிய இலையெல்லாம் ஓரம் கருகி, பழுப்பேறி, தொட்டால் நொறுங்க ஆரம்பித்தது. அத்தை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்கள்.

“பாத்தியாட்டி? நான் சொன்னா கேக்கியா? கண்ணுன்னா கண்ணுதான்.”

பிரசவத்துக்கு அதிக நாள் இல்லை. ஆனால் அடியிலும் நடுவிலும் நின்ற தடித்த இலைகள் கருகவில்லை என்பதைப் பார்த்ததும் எனக்குத் தெம்பு வந்தது. கண் பட்டிருந்தால் அழகான இலைக்கல்லவா முதலில் படும்? கருகியதெல்லாம் பெட்டிக்குள் பிறந்தவை. இருட்டிலேயே வளர்ந்ததைத் திடீரென்று நடுப்பகல் வெயிலில் நிறுத்தினால் தாங்குமா? வெயில் நல்லதுதான், நான்தான் அவசரப்பட்டுவிட்டேன்.

கோழிகளை வெளியே விரட்டிவிட்டுப் பஞ்சாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்து செடிக்கு மேல் கவிழ்த்தேன். அதன் இடைவெளி வழியாக வெயில் பொட்டுப்பொட்டாக உள்ளே விழுந்தது. காலையிலும் சாயங்காலமும் எடுத்துவிடுவது, உச்சிப் பொழுதில் மட்டும் மூடுவது. நான் இல்லாத நேரத்தில் நாத்தனார் பார்த்துக்கொண்டாள். கத்தரிக்கோலை எடுத்து, கருகிய தண்டையெல்லாம் தடித்த இலை வரைக்கும் வெட்டியபோது அத்தை ஓடிவந்தார்கள்.

“இருக்கதையும் வெட்டுதியே பாவி!”

“இது இருந்தும் பிரயோசனமில்ல அத்தை. போனா போட்டும்.”

வெட்டி முடித்தபோது தொட்டியில் ஒரு முழக் குச்சியும் கொஞ்சம் இலையும்தான் மிச்சம். உபதேசியார் வீட்டம்மாள் அந்த வாரம் ஜெபக்கூட்டத்துக்கு வந்து, நடுமுற்றத்தில் தனியாகக் கவிழ்ந்திருந்த பஞ்சாரத்தைப் பார்த்து, “அதுக்குள்ள என்ன, குஞ்சு பொரிச்சிருக்கா?” என்று கேட்டார். “ஆமா, ஆமா, கிட்டப் போவாதீக, கொத்திரும்” என்றார்கள் அத்தை. அடுக்களையில் நானும் நாத்தனாரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டோம்.

அப்புறம் காத்திருப்பதுதான் வேலை. தினமும் விடிந்ததும் முதல் காரியமாகப் போய்ப் பார்ப்பேன். குச்சி குச்சியாகவே நின்றது. ஜெபத்தில் மற்ற எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியில் வெட்கத்தோடு செடியையும் சேர்த்துக்கொள்வேன். ஒருநாள் காலையில் கணுவில் கடுகு போலச் சிவப்பாக ஒன்று துருத்திக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் என் வீட்டுக்காரர் பல் துலக்குகிற வாயோடு ஓடிவந்து, “பாம்பா?” என்றார். பாம்பு இல்லை, துளிர். அடுத்த கணுவிலும் ஒன்று. அதற்கடுத்ததிலும் ஒன்று.

அதன் பிறகு அந்தச் செடி என்னைக் கேட்கவில்லை, ஒருவரையும் கேட்கவில்லை. செந்தளிராக வந்து, பச்சையாகி, கரும்பச்சையானது. இலைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. தண்டு விரலளவு தடித்து, முள் எல்லாம் விறைத்துக்கொண்டது. உச்சி வெயிலுக்கும் பஞ்சாரம் வேண்டியதில்லை என்று ஆனதும் அதைக் கோழிகளிடமே திருப்பிக் கொடுத்தேன். நேராகக் கிணற்றடிக்குப் போகிற அத்தை, செடியை ஒரு பார்வை பார்க்க முற்றத்தைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். சேனைப் பேச்சை நானும் எடுக்கவில்லை, அவர்களும் எடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை, காலைக் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது நாத்தனாருக்கு வலி கண்டது. வெயில் சாயுமுன் பிள்ளை பிறந்துவிட்டது. பெண். அதற்குள் வீட்டில் பெண்கள் கூட்டம். உபதேசியார் வீட்டம்மாளும் வந்துவிட்டார். மருத்துவச்சி பிள்ளையைத் துடைத்து வெள்ளைத் துணியில் சுற்றியபடி கேட்டாள்: “சேனை வைக்கது யாரு? பைய வாங்க.”

உபதேசியார் வீட்டம்மாள் சீனித்தண்ணீர்க் கிண்ணத்தை ஏற்கெனவே கையில் எடுத்துக்கொண்டிருந்தார். கட்டிலில் கிடந்த நாத்தனார் பேசக்கூடத் தெம்பில்லாமல் தன் அம்மாவையே பார்த்தாள். நான் கதவோரத்தில், வெந்நீர்ப் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அத்தை யாரையும் பார்க்கவில்லை. விடுவிடுவென்று முற்றத்துக்குப் போனார்கள். நின்ற இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. குனிந்து ரோஜாவில் ஓர் இலையைக் கிள்ளினார்கள். வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்கள். அந்தப் பக்கம் இருந்த விரல் இந்தப் பக்கம் தெரிந்திருக்காது. அந்த இலையோடேயே உள்ளே வந்து, உபதேசியார் வீட்டம்மாள் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கிக்கொண்டார்கள்.

“ஏட்டி” என்றார்கள் என்னைப் பார்த்து, “கையக் கழுவிட்டு வா.”

யாரோ ஒருத்தி பின்னாலிருந்து, “பிள்ளை இல்லாத கையா…” என்று இழுத்தாள். அத்தை திரும்பிய வேகத்தில் அவள் ஓரடி பின்வாங்கினாள்.

“ஏன், அந்தக் கைக்கு என்ன? செத்த செடிய எழுப்புன கை. ஒங்க வீட்டுல எந்தக் கை அப்பிடிச் செஞ்சுருக்கு, சொல்லுங்க பாப்போம்.”

நான் கழுவின கையைத் திரும்பவும் கழுவினேன். விரலைச் சீனித்தண்ணீரில் தொட்டு அந்தச் சின்ன வாயில் வைத்தேன். பிள்ளை முகத்தைச் சுளித்தது. பிறகு நாக்கைச் சுழற்றி என் விரலை ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. நான் அழுதேன். அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. அத்தனை வருஷமும் அந்த வீட்டில் என் கையைப் பற்றிச் சொன்னதெல்லாம் அந்த ஒரு பிடியில் செல்லாமல் போயிற்று.

உபதேசியார் வீட்டம்மாள் நல்ல மனுஷி, கிண்ணம் போனதை மனசில் வைத்துக்கொள்ளவில்லை. கட்டிலருகே வந்து எட்டிப் பார்த்து, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

“எம்மாடி, என்ன மினுமினுப்பு!”

அடுத்த நிமிஷம் அத்தையின் கை தானாக நீண்டது. முந்தானையை இழுத்துப் பிள்ளையின் முகத்தை மூடிவிட்டார்கள்.

“அத்தை,” என்றேன், “பெட்டிய எடுங்க.”

நாத்தனாருக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வலி தாங்காமல் “சிரிக்க வைக்காதீங்க மைனி” என்று முனகிக்கொண்டே சிரித்தாள். அத்தை என்னை முறைத்தார்கள். முறைத்த முகத்திலேயே உதடு துடித்தது. பிறகு தாங்க மாட்டாமல் அவர்களும் உடைந்து சிரித்துவிட்டார்கள். சுற்றி நின்ற பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

“என்ன பெட்டி?” என்று வெளியிலிருந்து மாமா கேட்டார்கள்.

“ஒண்ணும் இல்ல, பொம்பளைக பேச்சு” என்று பதில் கொடுத்த அத்தை, முந்தானையை விலக்கிப் பிள்ளையைத் தூக்கினார்கள். வெயில் விழுந்துகொண்டிருந்த ஜன்னலோரத்தில் என்னை உட்காரச் சொல்லி என் மடியில் வைத்தார்கள்.